கப்பலில் வந்த பிள்ளைகள்

என் சின்ன வயதில் நாஞ்சில் நாட்டில் வெள்ளைக்காரர் என்றாலே வயசானவர்தான். நெய்யூர் ஆஸ்பத்திரியிலும் நாகர்கோவில் மிஷன் வளாகத்திலும் கண்ணில் பட்ட ஒன்றிரண்டு பேருக்கும் தலை நரைத்திருக்கும். தமிழ் சரளமாக வரும். குடை பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போவார்கள். எங்கள் பாட்டிமார் எழுந்து நின்று ‘தொரெ’ என்பார்கள். எங்கள் வயதில் ஒரு வெள்ளைக்காரன் இருக்க முடியும், அவனுக்கும் பசிக்கும், அவனும் நம்மைப்போல வாய்விட்டுச் சிரிப்பான் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது எழுபதுகளின் தொடக்கத்தில்தான்.

அப்போது நான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மயிலாடிக்குப் பக்கம். ஒரு சாயங்காலம் தார்ப்பாய் போட்ட பழைய லாரி ஒன்று சர்ச் வளவுக்குள் வந்து நின்றது. பின்பக்கமாக ஏழெட்டுப் பேர் குதித்தார்கள். பாதிப்பேர் நம்ம நாட்டு ஆட்கள். ஒரு மலையாளி, ஒரு தெலுங்கர், நாகாலாந்துக்காரர் ஒருவர். மற்றவர்கள் இங்கிலாந்து, சுவீடன், ஆஸ்திரேலியா. ரப்பர் செருப்பு, சாயம் போன கால்சட்டை, நாலு நாள் தாடி. கோவளம் கடற்கரையில் ஹிப்பிகள் குடியேறியிருந்த காலம் அது. போதகர் ஐயருக்கே முதலில் சந்தேகம்தான். கையிலிருந்த கடிதத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓய்வுநாள் பள்ளிக் கட்டடத்தின் சாவியைக் கொடுத்தார்.

லாரிக்குள் பாதி இடத்தைப் புத்தகப் பெட்டிகள் அடைத்திருந்தன. மீதி இடத்தில் பாய்ச்சுருட்டு, மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு கிட்டார். பகலெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சில்லறைக் காசுக்குப் புத்தகம் விற்றார்கள். சந்தையில் நின்று கைப்பிரதி கொடுத்தார்கள். ராத்திரி பெஞ்சுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் போட்டுத் தூங்கினார்கள்.

முதல் நாள் பாட்டிதான் சாப்பாடு கொண்டுபோனாள். மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் குழம்பு வைத்து, போணியில் மூடி, என் தலையில் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே வந்தாள். இங்கிலாந்துக்காரப் பையன் ஒருத்தன் தரையில் சம்மணம் போட முடியாமல் காலை ஒருபக்கமாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முதல் வாயிலேயே உறைப்பில் கண்ணீர் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றான். மறுபடி தட்டை நீட்டினான். அது பாட்டிக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் எல்லோருடைய தட்டையும் அடுக்கி எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், சாம்பலையும் தேங்காய்த் தொண்டையும் வைத்து அவன் தேய்க்கத் தொடங்கியபோது அவள் பதறிப் போனாள்.

‘தொரெயாக்கும், பாத்திரம் தேய்க்கதா? வச்சிட்டுப் போ மக்கா, ஊரு சிரிக்கும்.’

அவனுக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே தேய்த்தான். அவனுக்கு இருபது வயதிருக்கும். அப்பா ரயில்வேயில் வேலை பார்ப்பதாகப் பிறகு சொன்னான். பாட்டி சாகும்வரை இந்தக் கதையைச் சொன்னாள். அவர்கள் என்ன பிரசங்கித்தார்கள் என்பது அவளுக்கு நினைவில்லை. பாத்திரம் தேய்த்தது நினைவிருந்தது.

பிரசங்கம் எடுபட்டதா என்றால், உண்மையைச் சொல்ல வேண்டும். சந்தையில் வறுகடலை விற்ற பெரியவர் கைப்பிரதிகளை மரியாதையாக வாங்கி நெற்றிக்கு நேரே உயர்த்திவிட்டு, கீழே அடுக்கி வைத்தார். மறுநாள் கடலை அந்தத் தாளில்தான் பொட்டலமாக வந்தது. சுவீடன்காரப் பையன் அதைப் பார்த்துவிட்டு, ‘எப்படியும் ஊர் முழுக்கப் போய்ச் சேருகிறதே’ என்றான். பிள்ளைமார் தெருவில் சிலர் வாசலிலேயே நிறுத்தி, ‘எங்க சாமி எங்களுக்குப் போதும்’ என்று சொல்லி அனுப்பினார்கள். சொல்லிவிட்டு மோரும் கொடுத்தார்கள். ‘எதற்காக வந்து எங்கள் ஆட்களை இழுக்கிறீர்கள்?’ என்று கோபப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. வீடு தேடி வருகிற எவரிடமும் ‘ஏன் வந்தாய்?’ என்று கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

இவர்களை ஊரில் ‘ஓ.எம். டீம்’ என்றோம். ஆபரேஷன் மொபிலைசேஷன் என்ற அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் வெர்வருக்கும் தொடங்கும்போது வயது பத்தொன்பதுதான். அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்காரர். 1957இல் இரண்டு நண்பர்களோடு, கையில் இருந்ததை விற்று, ஒரு பழைய வண்டி நிறைய ஸ்பானிய மொழிச் சுவிசேஷப் பிரதிகளை ஏற்றிக்கொண்டு மெக்ஸிகோவுக்குப் போனார். அந்த வண்டிதான் பிறகு ஐரோப்பாவுக்குப் போயிற்று, அங்கிருந்து இந்தியாவுக்கும் வந்தது என்று சொல்லலாம். அறுபதுகளில் இவர்களுடைய லாரிகள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் எனத் தரைமார்க்கமாகவே இங்கே வந்தன. அதே சாலையில்தான் ஹிப்பிகளும் வந்தார்கள். ஒரே டீக்கடையில் நின்று டீ குடித்திருப்பார்கள். ஒரு கூட்டம் ஞானம் தேடிக் கிழக்கே வந்தது, இன்னொரு கூட்டம் ஞானம் கொடுக்க வந்தது. இரண்டு கூட்டத்துக்கும் வயது ஒன்று, தலைமுடி நீளம் ஒன்று, கையில் காசில்லாமையும் ஒன்று.

ஓ.எம். பிள்ளைகளுக்குச் சம்பளம் கிடையாது. ஊர்ச் சபையோ சொந்தக்காரரோ அனுப்புகிற காணிக்கை பொதுப் பணத்தில் சேர்ந்துவிடும். கைச்செலவுக்கு ஏதோ கொஞ்சம். இந்தியாவில் இந்தியர் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும், ரயிலில் மூன்றாம் வகுப்பில் போக வேண்டும். வெர்வர் பம்பாயில் குடும்பத்தோடு இருந்தவர். பிறகு இந்திய அரசு அவருக்கு அனுமதி மறுத்தது. அறுபதுகளின் கடைசியில் காட்மாண்டுவுக்குப் போனார். இத்தனை பேரை, இத்தனை புத்தகத்தைப் பாலைவனம் தாண்டி லாரியில் கொண்டுபோவதைவிட ஒரு கப்பல் வாங்கிவிட்டால் என்ன என்ற யோசனை அவருக்கு முன்பே இருந்தது. பலரும் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 1970இல் வாங்கியே விட்டார்கள். 1949இல் டென்மார்க்கில் கட்டப்பட்டு, ‘உமானாக்’ என்ற பெயரில் ஓடிய சிறிய கப்பல் அது. ‘லோகோஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்த காலமாதலால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தது.

கொச்சியில் கப்பல் நிற்கிறது, வாருங்கள் என்று பாத்திரம் தேய்த்த இங்கிலாந்துப் பையன் எழுதியிருந்தான். வாலிபர் ஐக்கியத்திலிருந்து நாங்கள் சிலபேர் கிளம்பினோம். நாகர்கோவிலுக்கு அப்போது ரயில் இல்லை. திருவனந்தபுரம் வரை பஸ். அங்கிருந்து எர்ணாகுளத்துக்கு மீட்டர் கேஜ் வண்டி, ராத்திரி முழுக்கக் குலுங்கிக்கொண்டே போனது. கட்டுச்சோறு கொல்லம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.

அதுவரை கப்பல் என்றால் கன்னியாகுமரிக் கரையில் நின்று தொலைவில் பார்க்கும் ஒரு கரும்புள்ளி. இப்போது அது ஒரு பெரிய வெள்ளைச் சுவராக முன்னால் நின்றது. ஏணிப்படியில் ஏறும்போது கால் நடுங்கியது. மேல்தளத்தில் பந்தல்போலத் துணி கட்டி, அதன் கீழே மேசை மேசையாகப் புத்தகம். நாங்கள் பைபிளும் பாட்டுப் புத்தகமும் இருக்கும் என்று நினைத்துப் போனோம். பொறியியல், மருத்துவம், சமையல், குழந்தைகளுக்கான படப்புத்தகம் எல்லாம் இருந்தன. நாகர்கோவிலில் எந்தக் கடையிலும் காணமுடியாத கணிதப் புத்தகம் ஒன்றை நான் அங்கேதான் வாங்கினேன். வழவழப்பான தாளும் டீசல் புகையும் கடல் உப்பும் கலந்த ஒரு வாசனை அதில் வெகுநாள் இருந்தது. பிற்காலத்தில் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்தபோது அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் பல வகுப்புகள் எடுத்தேன்.

எங்களை அழைத்தவன் கப்பலுக்கு மாறியிருந்தான். எஞ்சின் அறையில் வேலை. மேலே வந்து எங்களைக் கட்டிப்பிடிக்க வந்தவன், கையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். முழங்கை வரை கரி. நகக்கண்ணெல்லாம் எண்ணெய் மசி. கீழே கூட்டிப்போய்க் காட்டினான். இரும்புப் படி, செவிட்டில் அறைகிற சத்தம், வேர்வை பொங்கும் சூடு. அதற்குள் எட்டு மணி நேரம். பிறகு குளித்து, சட்டை மாற்றி, சாயங்காலம் ஊருக்குள் கூட்டத்துக்குப் போக வேண்டும். பக்கத்தில் நின்று எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்த பையன் ஒரு டாக்டரின் மகன் என்றான். சலவை அறையில் துணி பிழிந்த பெண் பட்டதாரி. சமையல்கூடத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவர்களில் ஒரு சிங்கப்பூர்க்காரரும் ஓர் இந்தியரும் இருந்தார்கள். நாலுபேர் படுக்கும் சின்ன அறையில் நாலு நாட்டுக்காரர்கள். ஒருவன் குறட்டை இன்னொருவனுக்குத் தாங்காது. ஒருவன் சமையல் இன்னொருவனுக்கு இறங்காது. ‘உலகத்துக்குச் சமாதானம் சொல்லக் கிளம்பினோம், முதலில் இந்த அறைக்குள் அதைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது’ என்று சொல்லிச் சிரித்தான்.

பிறகு அவனிடமிருந்து ஏரோகிராம் வரும். நீல நிறத் தாள், மூன்றாக மடித்து ஒட்டியது. உட்பக்கம் நிறைந்து ஓரத்திலும் சுற்றிச் சுற்றி எழுதியிருப்பான். கடிதம் வந்து சேரும்போது அவன் அடுத்த துறைமுகத்துக்குப் போயிருப்பான். எந்த ஊரில் எத்தனை பேர் மனந்திரும்பினார்கள் என்ற கணக்கு அதில் இருந்ததில்லை. எந்த ஊரில் என்ன சாப்பிட்டான், யார் வீட்டில் படுத்தான், எங்கே அவனுடைய சட்டையைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்பதுதான் இருக்கும். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் பாட்டியின் மீன் குழம்பை விசாரித்திருப்பான். பாட்டி இறந்ததை எழுதியபோது அவன் ஊருக்குத் திரும்பிப் பள்ளி ஆசிரியராகி இருந்தான். நாங்கள் இரண்டு பேருமே வாத்தியார்களானோம். அவனுடைய மூத்த மகளுக்குத் தேங்காய்த் தொண்டில் பாத்திரம் தேய்த்த கதை தெரியும் என்று எழுதினான்.

எங்கள் பக்கத்துக்கு வந்த முதல் வாலிபர்களைப் பற்றியும் பாட்டிதான் சொல்வாள். கேட்டுக் கேட்டு அவர்களும் நான் நேரில் கண்டவர்கள்போல ஆகிவிட்டார்கள். ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்தது 1806இல். புருஷியாக்காரர், லண்டன் மிஷன் அனுப்பிய ஆள். தரங்கம்பாடியில் இருந்து தமிழ் படித்துவிட்டு வந்தார். மயிலாடிக்காரரான வேதமாணிக்கம் கூப்பிட்டதால்தான் இந்தப் பக்கம் வந்தார் என்பதை எங்கள் ஊரில் அழுத்திச் சொல்வார்கள். சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு வைக்கோல் தொப்பியோடு அலைந்தவர் என்று சொல்வார்கள். உடம்பு கெட்டு 1816இல் ஊரைவிட்டுக் கிளம்பினார். எங்கே போய் எப்படி இறந்தார், கல்லறை எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நெய்யூர் சாமர்வெல் டாக்டர் கதை இன்னும் கிட்டத்தில் உள்ளது. பாட்டியின் தம்பிக்கு வயிற்றுப்புண் அறுத்தவர் அவர். 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன பிரிட்டிஷ் குழுவில் அவர் ஒருவர். பனிச்சரிவில் ஏழு ஷெர்பாக்கள் செத்த பயணம் அது. வெள்ளைக்காரர் ஒருவரும் சாகவில்லை என்பது அவர் மனதை வெகுகாலம் அறுத்தது. மலையிலிருந்து இறங்கியவர் இந்தியாவைப் பார்க்கலாமென்று தெற்கே வந்தார். நெய்யூரில் ஒரே ஒரு அறுவை மருத்துவர், வெளியே காத்துக் கிடக்கும் கூட்டம். பார்க்க வந்தவர் உதவிக்கு நின்றார். லண்டனில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை காத்திருந்தது. அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. 1924இல் லீவு போட்டு மறுபடி எவரெஸ்டுக்குப் போய், 28,000 அடி வரை ஏறி, தொண்டை அடைத்துச் சாகப் பிழைத்துத் திரும்பினார். திரும்பி வந்ததும் நெய்யூரில் கத்தியை எடுத்தார். மரச்சீனியும் உறைப்பும் தின்று புண்ணான எத்தனையோ திருவிதாங்கூர் வயிறுகளை அவர் தைத்திருக்கிறார். கால் நூற்றாண்டு இங்கே, பிறகு வேலூர். போவதாக இருந்த ஆள் ஒருவர் இருந்துவிட்டதுதான் அந்தக் கதை.

ஆனால் அந்தக் காலத்துத் துரைகள் எல்லோரும் அப்படி இல்லை. அதைச் சொல்லவும் எங்கள் சீமைக்காரர் ஒருவரே வேண்டியிருந்தது. வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். வாலிபராக ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தார். 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போனார். அங்கே தமிழ் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில், தங்கள் ஆளை, கடல் தாண்டி இந்தியக் கரைக்கு ஊழியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த கூச்சத்தில்தான் ஊர் திரும்பியதும் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்னின்றார். அனுப்பப்படுகிறவர் வெள்ளைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே உடைந்தது.

1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர்கள் இருபதுக்கும் குறைவு. முப்பத்தைந்து வயது அசரியா மேடையேறினார். நீங்கள் எங்களுக்காகச் செய்த தியாகத்தையெல்லாம் இந்தியத் திருச்சபை நன்றியோடு நினைக்கும், ஆனால் உங்களிடம் எங்களுக்கு அன்பும் வேண்டும், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் பேசி முடித்தார். சபையில் பலருக்கு அது சுருக்கென்றிருந்தது. கொடுக்கிறவர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, கொடுத்தது போதாது என்றல்ல, கொடுத்த விதம் சரியில்லை என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். இரண்டு வருடம் கழித்து தோர்ணக்கல்லுக்கு, முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக அவரை அபிஷேகம் செய்தார்கள்.

அசரியா எடின்பரோவில் கேட்டது, அறுபது வருடம் கழித்து எங்கள் ஊர்க் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ரயில்வேக்காரர் மகன் ஒருவன் தொண்டும் சாம்பலுமாக உட்கார்ந்தபோது அவனுக்கு அசரியா பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. அது தெரியாமலே கேட்டதைக் கொடுத்தான்.

அந்தப் பிள்ளைகள் வந்த வழிகள் எதுவும் இப்போது இல்லை. 1979இல் ஈரானில் புரட்சி, அந்த ஆண்டு முடிவில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. லாரிச் சாலை அடைபட்டது. எண்பதுகளின் நடுப்பகுதி வரை பிரிட்டன் குடிமக்கள் இந்தியாவுக்கு வர விசா வேண்டியதில்லை. அந்தக் கதவும் அதன்பிறகு மூடியது. 1988 ஜனவரி 4 அன்று ராத்திரி, தென் அமெரிக்காவின் தெற்கு முனையில் உஷுவாயா துறைமுகத்தைவிட்டுக் கிளம்பிய லோகோஸ், பீகிள் கால்வாயில் பாறையில் ஏறி நின்றுவிட்டது. சுமார் 140 பேர் இருந்தார்கள். உயிர்காப்புப் படகுகளில் இறங்கி, சிலி நாட்டுக் கடற்படை துணையோடு ஒருவர் விடாமல் பிழைத்தார்கள். கப்பல் மட்டும் அங்கேயே சாய்ந்து கிடந்து துருப்பிடித்தது. செய்தி எனக்கு எஞ்சின் அறை நண்பனின் கடிதத்தில்தான் வந்தது. எஞ்சின் அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம் என்று ஒரே ஒரு வரி. அந்த இரும்புப் படியில் இறங்கியவர்களுக்கு அந்த வரி போதும்.

ஓ.எம். இரண்டாவதாக 1977இல் வாங்கிய டூலோஸ் இன்னும் விசேஷமான கப்பல். டைட்டானிக் மூழ்கி இரண்டு வருடம் கழித்து, 1914இல் அமெரிக்காவில் கட்டப்பட்டது. உலகிலேயே மிகப் பழைய கடல் பயணிகள் கப்பல் என்ற பெயரோடு 2009 முடியும்வரை ஓடியது. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றக் கட்டுப்படியாகவில்லை. சிங்கப்பூர் வணிகர் ஒருவர் வாங்கி, இந்தோனேசியாவின் பிந்தான் தீவில் கரையேற்றி ஹோட்டலாக்கிவிட்டார். பிள்ளைகள் நாலுபேராக அடைந்து கிடந்த கப்பலில் இன்று சுற்றுலாப் பயணிகள் அறை எடுத்துத் தங்குகிறார்கள். லோகோஸ் ஹோப் என்ற கப்பல் 2009 முதல் ஓடுகிறது. அதிலும் இளைஞர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறார்கள். ஜார்ஜ் வெர்வர் 2023 ஏப்ரலில் காலமானார்.

கதவுகள் மூடியதற்குச் சட்டம் மட்டும் காரணமில்லை. 1965இல் கிரஹாம் ஸ்டெய்ன்ஸ் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒரிசாவின் பாரிபாடாவுக்கு வந்தார். அங்கே அவருக்கு ஒரு பேனா நண்பர் இருந்தார். நண்பரைப் பார்க்க வந்தவர் குஷ்டரோகிகளோடு தங்கிவிட்டார். ஒடியாவும் சந்தாலியும் பேசினார். முப்பத்து நாலு வருடம் கழித்து, 1999 ஜனவரியில் மனோகர்பூரில் தன் இரண்டு சின்ன மகன்களோடு ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தவரைத் தீவைத்துக் கொன்றார்கள். அதன்பின் வெளிநாட்டுப் பிள்ளைகள் லாரியில் ஊர் ஊராய்ப் போவது என்ற பேச்சே நின்றுபோயிற்று. கொலைகாரர்களை மன்னிக்கிறேன் என்று அவர் மனைவி சொன்னதை நாங்கள் டீக்கடையில் செய்தித்தாளில் படித்தோம். கடையில் யாரும் பேசவில்லை. கடைக்காரர் இந்து, காசு வாங்க மறந்துவிட்டார்.

மறுபடி இளம் வெளிநாட்டு முகங்களை எங்கள் பக்கம் கூட்டமாகப் பார்த்தது 2004 சுனாமிக்குப் பிறகு. குளச்சலும் கொட்டில்பாடும் பிணக்காடாகக் கிடந்தன. உதவி பல வழியிலும் வந்தது, நல்ல உதவி. ஆங்கிலம் தெரிந்த வாத்தியார் என்பதால் மொழிபெயர்க்க என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு குழு வந்தது. எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, முதுகில் சபையின் பெயரும் வருடமும். இரண்டு வாரப் பயணம். ஒரு கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். உண்மையான ஆசையோடுதான் அடித்தார்கள், வெயிலில் தோல் உரிந்தது. பக்கத்து மதில்மேல் ஊர்க்காரர்கள் இரண்டுபேர் பீடி குடித்துக்கொண்டு பார்த்திருந்தார்கள். இரண்டு பேரும் பெயிண்டர்கள். சுனாமிக்குப் பிறகு வேலை இல்லாமல் இருந்தவர்கள். ‘சாரே, இந்தப் பிள்ளைய வந்த பிளேன் டிக்கெட்ட எங்களுக்குத் தந்தா இந்த ஊரு முழுக்க அடிச்சுக் குடுப்போமே’ என்றார் ஒருவர். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

கிளம்பும் நாளில் பிள்ளைகளைத் தூக்கி வைத்து ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். தாயைப் பறிகொடுத்த ஒரு சிறுமி, தன்னைத் தூக்கிய பெண் நாளைக்கும் வருவாளா என்று என்னைக் கேட்டாள். அதே சமயம், இன்னொரு குழுவோடு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி, குழு போன பிறகும் மாதக்கணக்கில் தங்கினாள். மீனவப் பெண்களின் கையையும் முதுகையும் நீவி, பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். ஊர்ப் பெண்கள் இருவரைப் பழக்கிவிட்டுப் போனாள். அவள் போனபிறகும் அந்த வேலை நடந்தது. சிறுமியைத் தூக்கியவளும் இவளும் ஊருக்கு நல்லவர்கள்தான். பயன்பட்டவள் ஒருத்திதான்.

2018 நவம்பரில் அந்தமான் செய்தி வந்தது. ஜான் ஆலன் சாவ், 26 வயது அமெரிக்க இளைஞர். வட சென்டினல் தீவுக்குப் போகச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று தெரிந்தும், மீனவர்களுக்குப் பணம் கொடுத்து ராத்திரியில் போனார். தீவினர் அம்பெய்து கொன்றார்கள். கூட்டிப்போன மீனவர்கள் கைதானார்கள். நமக்கு வருகிற ஒரு சளிக்காய்ச்சல் அந்தச் சிறு கூட்டத்தையே அழித்துவிடக் கூடும். அவர்கள் யாரையும் கூப்பிடவில்லை, பலமுறை வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பையனின் தைரியத்தை மெச்சி எங்கள் சபையிலேயே ஒருவர் சாட்சி சொன்னார். எனக்கு ஒப்பவில்லை. ரிங்கல்தௌபேயை வேதமாணிக்கம் கூப்பிட்டார். கூப்பிடாத வீட்டுக்குள் நுழைவது ஊழியம் ஆகாது.

இன்றைக்குப் பயணத்தின் திசையே மாறிவிட்டது. நாகர்கோவிலிலும் நெல்லையிலும் சென்னையிலும் இருந்து நம் பிள்ளைகளே கிளம்புகிறார்கள். என் பேத்திக்குப் பெங்களூரில் ஐ.டி. வேலை. அவள் சபையிலிருந்து கம்போடியாவுக்குப் பத்துநாள் ‘மிஷன் ட்ரிப்’ போகிறார்களாம். சட்டை அடித்துவிட்டார்கள். ‘தாத்தா, நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று போனில் கேட்டாள். போகாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. வாலிப வயதில் வீட்டைவிட்டு, பாஷை தெரியாத ஊரில், பிறர் சோற்றைத் தின்று பார்க்காதவர்களுக்கு உலகம் பாதிதான் தெரியும். அதைச் சொன்னேன். இன்னும் சிலவும் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

யார் கூப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள். கூப்பிட்டவர் அந்த ஊர்க்காரராக இருக்கட்டும். அங்கே ஒரு கொத்தனோ பெயிண்டரோ செய்கிற வேலையை நீங்கள் செய்யப் போகாதீர்கள், அவருக்குக் கூலி கொடுங்கள். பிள்ளைகளைத் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். பத்து நாளில் முடியாது என்று தெரிந்தால் லீவைச் சேர்த்து வைத்து ஒரு வருடமாகப் போங்கள். கொஞ்சமாவது பாஷை படித்துவிட்டுப் போங்கள். அவர்கள் வீட்டில் சாப்பிடுங்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவுங்கள். திரும்பி வந்தபின் கடிதம் போடுங்கள், வருடக்கணக்கில் போடுங்கள். இதில் எதற்கும் வசதிப்படாது என்றால், விமான டிக்கெட் காசை அந்த ஊர் ஆசிரியருக்கோ நர்சுக்கோ அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருங்கள். அதுவும் நல்ல ஊழியம்தான்.